கூலியில்லாத் தையல்

தாய் தன் பிள்ளைக்குத் தைத்துக் கொடுத்த சட்டைக்கு விலை என்ன? இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் கேட்டவனைப் பண்பற்றவன் என்று கருதுவோர் பலர். அன்புக்கு விலை பேசலாமா என்று அவர்கள் சினந்து கொள்வர். அதே வீட்டில், அதே மனிதர்கள், ‘அவள் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், பொழுது போகத் தைக்கிறாள்’ என்று சொல்லவும் தயங்குவதில்லை. விலைமதிக்க முடியாதது என்று காலையில் போற்றப்படும் பொருள், மாலையில் மதிப்பே இல்லாததாகி விடுகிறது. இவ்விரண்டு பேச்சுக்கும் இடையில் எங்கோ ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அதனைத் தேடிப் பார்ப்பது தக்கது.

இக்கேள்வி ஏட்டளவில் நில்லாமல் வீடுதோறும் வந்து அமர்ந்த ஆண்டு ஒன்று உண்டு. அது 2020. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. உணவும் மருந்தும் போன்ற இன்றியமையாப் பொருள்களை விற்கும் கடைகள் தவிர ஏனையவை அடைக்கப்பட்டன. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை ஓசையின்றிக் கிடந்தது. கிள்ளானில் தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைகள் சாத்தப்பட்டன. அடுக்குமாடி வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் குடும்பங்கள் அடைபட்டுக் கிடக்க, மூலையில் துணி போர்த்தியிருந்த தையல் பொறிகள் பல மீண்டும் ஓடத் தொடங்கின.

முதலில் தைக்கப்பட்டது முகக் கவசம். மருத்துவ முகக் கவசம் கிடைப்பது அரிதாயிருந்த நேரம் அது. ஏப்ரல் தொடக்கத்தில் அரசாங்கம் அதன் உச்ச விலையை ஒன்றுக்கு 1 வெள்ளி 50 காசு என்று வரையறுத்தது. நால்வர் உள்ள குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என அணிந்தால், மாதத்திற்கு 180 வெள்ளி ஆகிவிடும். வேலையும் வருமானமும் நின்றுபோன வீட்டிற்கு இது சிறு தொகையன்று. துணி வாங்கலாமென்றால் கடையில்லை. மே 4ஆம் நாள் கட்டுப்பாடு தளர்த்தப்படும் வரை வீட்டிலிருந்த துணியே மூலதனம். பழைய பருத்திப் புடைவை, கிழிந்த வேட்டி, தலையணை உறை, தாத்தாவின் கைலி ஆகியன வெட்டுப்பட்டன. எலாஸ்டிக் நாடா தீர்ந்துபோனபோது பழைய பனியனை நீளவாக்கில் கிழித்து இழுத்துக் காதுக்கு நாடாவாக்கினர். துணிக் கவசம் மூன்றடுக்காக இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஜூன் 5ஆம் நாள் அறிவித்தது. அதன் பின் ஈரடுக்கில் தைத்தவை சில வீடுகளில் பிரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டன. ஆகஸ்ட் 1 முதல் பொதுப் போக்குவரத்திலும் நெரிசலான இடங்களிலும் முகக் கவசம் கட்டாயமாயிற்று. தவறினால் 1,000 வெள்ளி வரை தண்டம்.

இதே காலத்தில் மருத்துவமனைப் பணியாளர்க்கு வேண்டிய பாதுகாப்பு அங்கிகள் போதாமற்போயின. பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்களும், வீட்டிலிருந்த இல்லத்தரசிகளும், சிறையிலிருந்த கைதிகளுங்கூட அவற்றைத் தைத்தனர். அத்தையலை நாடே போற்றியது. செய்தித்தாள்களில் படம் வந்தது. போற்றியது சரியே. ஆயினும், அதே பொறியில், அதே கையால், அந்த ஆண்டு முழுதும் தைக்கப்பட்ட மற்றவற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதும் உண்மை.

அப்படிப்பட்ட ஒரு தாயின் ஓராண்டை எண்ணிப் பார்க்கலாம். அவளுக்குப் பெயர் வேண்டுவதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவளை ஒத்தவர் எத்தனையோ பேர். மார்ச்சில் முகக் கவசம். பள்ளி மூடியிருந்த மாதங்களில் மூத்தவனின் சீருடைக் காற்சட்டை இளையவனுக்காகக் குறுக்கப்படுகிறது. இடையில் தலையணை உறைகள், மிதியடி, பொறிக்கே ஓர் உறை. அக்டோபர் 14 முதல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கட்டுப்பாடு மீண்டும் இறுகுகிறது. நவம்பர் 14 தீபாவளி. உறவினர் வரப்போவதில்லை, கோயிலிலும் கட்டுப்பாடு. என்றாலும் மகளுக்குத் தன் பழைய பட்டுப் புடைவையில் பாவாடை தைத்து முடிக்கிறாள். யாரும் காணப்போவதில்லை என்று தெரிந்தும் கரைக்குக் கரை ஒத்து வருகிறதா என்று இரண்டு முறை பார்க்கிறாள். ஆண்டின் கடைசியில், பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்கோ அக்காள் மகளின் குழந்தைக்கோ கம்பளி நூலில் ஒரு குல்லாயும் இரண்டு காலுறையும் பின்னுகிறாள்.

இவற்றின் பயன் என்ன? சிக்கனம் என்பது எளிதில் வரும் விடை. அவ்விடை நெடுநேரம் நிற்பதில்லை. 1974 முதல் உலக ஆடை வாணிகத்தைப் பங்கீட்டால் கட்டுப்படுத்தி வந்த பன்னாட்டு இழை ஏற்பாட்டின் எச்சங்களும் 2005ஆம் ஆண்டின் முதல் நாளோடு முடிவுற்றன. வங்காளதேசத்திலும் சீனத்திலும் தைத்த ஆயத்த ஆடைகள் அதன் பின் தடையின்றிக் குவிந்தன. இரவுச் சந்தையில் கிடைக்கும் குழந்தைச் சட்டையின் விலைக்கு அதற்கு வேண்டிய துணியைக்கூட வாங்க இயலாத நிலை பல வேளைகளில் உண்டு. முகக் கவசத்திலும் அப்படியே. ஆகஸ்ட் நடுவில் மருத்துவக் கவசத்தின் உச்ச விலை 1 வெள்ளி 20 காசாகக் குறைந்தது. பிறகு மேலும் இறங்கியது. சிக்கனம் மட்டுமே நோக்கமாயிருந்தால் தாய்மார் அப்போதே ஊசியைக் கீழே வைத்திருப்பர்.

தரம் உயர்ந்தது என்பார் உளர். அதுவும் முழு உண்மையன்று. வீட்டில் தைத்த சட்டையில் கழுத்து சற்றே கோணியிருக்கும். ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் நீண்டிருக்கும். தாய் தைத்தது என்பதற்காக அதனைக் கடைச் சட்டையினும் சிறந்தது என்று சொல்வது மரியாதைப் பொய். பிள்ளைகள் இப்பொய்யைச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். தாய்மாரும் அது பொய்யென்று அறிந்தே மகிழ்கிறார்கள்.

ஆனால், ஒன்று உண்டு. பிள்ளைகளின் உடுப்பை வீட்டில் தைப்பவர் ஓரத்தை மடிக்கும்போது இரண்டு அங்குலம் உள்ளே விட்டு மடிப்பர்; பக்கத் தையலிலும் துணி விடுவர். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்தால் பிரித்து இறக்கலாம் என்பது கணக்கு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வெட்டும்போது அரை அங்குலத் துணியும் பணம். அங்கு உள்ளே விடுவதற்கு இடமில்லை. மேலும், கடைச் சட்டை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்காகத் தைக்கப்படுகிறது. அந்தச் சிறுவன் எங்கும் இல்லாதவன். பல உடல்களை அளந்து எடுத்த ஒரு சராசரி அவன். தாய் தைப்பது ஒரு தோள் சற்றே தாழ்ந்த, வயிறு சிறிதே முன்தள்ளிய, கழுத்துப் பொத்தானைப் போட மறுக்கிற ஒருவனுக்காக. அவன் இன்று எப்படி இருக்கிறான் என்பதையும் அடுத்த ஆண்டு எப்படி இருப்பான் என்பதையும் அவள் துணியின் மீது குனிந்திருக்கும் அத்தனை நேரமும் எண்ணிக் கொண்டிருக்கிறாள். கடையில் கிடைக்காத பொருள் இந்த எண்ணமே. கழுத்துக் கோணலை அது நேராக்குவதில்லை. கோணலோடு அது இருக்கிறது.

தையல் பொறியை அன்பின் குழந்தை என்றே கருதியவர் காந்தியடிகள். 1924ஆம் ஆண்டு, சாந்திநிகேதனத்தில் பயின்ற இராமச்சந்திரன் என்னும் இளைஞர், நீங்கள் எல்லாப் பொறிகளுக்கும் பகைவரா என்று அவரை வினவினார். பின்னாளில் தமிழ்நாட்டில் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து காந்திகிராமத்தை உருவாக்கிய ஜி. இராமச்சந்திரனே அவர். காந்தியடிகள் சிங்கரின் தையல் பொறிக்கு விலக்கு அளித்தார். தம் மனைவி கையால் தைத்துத் தைத்து அலுப்பதைக் கண்ட சிங்கர், அவள்மீது கொண்ட அன்பினால் அதனை உருவாக்கினார் என்பது அவர் சொன்ன காரணம். அப்பொறிகளைச் செய்யவும் ஆலை வேண்டுமே என்று இளைஞர் மடக்கியபோது, அத்தகைய ஆலைகள் அரசுடைமையாக இருக்கலாம் என்று விடை வந்தது.

கதை அழகானது. வரலாறு வேறு. ஐசக் மெரிட் சிங்கர் நாடக மேடையிலே அலைந்தவர். பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றில் பிறர் அமைத்த பொறியொன்றின் குறைகளைக் கண்டு அதைத் திருத்தியமைத்தார். 1851இல் உரிமம் பெற்றார். அவர் நாடியது பொருள். அதனை அவர் மறைத்ததுமில்லை. பல பெண்களுடன் குடும்பம் நடத்தி, அவர்களில் சிலரைக் கைவிட்டவர் அவர். அலுத்த மனைவி என்னும் கதை, அவருக்கு முன் 1846இல் உரிமம் பெற்ற எலியாஸ் ஓ என்பவருக்கே ஓரளவு பொருந்தும். ஓ நோயுற்றிருந்தபோது அவர் மனைவி கூலிக்குத் தைத்துக் குடும்பத்தைக் காத்தாள் என்பர்.

காந்தியடிகள் தவறான செய்தியைக் கேட்டிருந்தார் என்று விட்டுவிடலாம். ஆயினும் அவர் அக்கதையை நம்ப விரும்பியதில் கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. ஆலைத் துணியை எதிர்த்து இராட்டையைச் சுழற்றிய அப்பெரியார், ஒரு பொறியை ஏற்பதற்கு அதன் பின்னே அன்பு இருக்கிறது என்ற சான்று தேடினார். அன்பு இருந்தால் போதும், மற்றவை மன்னிக்கப்படும். வீடுகளிலும் இதுவே நடக்கிறது. ‘அன்பினால் செய்கிறாள்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், எத்தனை மணி நேரம், எவ்வளவு முதுகு வலி, கண் எப்படி மங்கியது என்ற கேள்விகள் எழுவதில்லை. 1860களில் அமெரிக்காவின் வீலர் வில்சன் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். பொறியால் தைக்க 1 மணி 16 நிமிடம். மிச்சமான பதின்மூன்று மணி நேரம் எங்கே போயிற்று? தைப்பவள் ஓய்வெடுத்தாளா? சட்டைகளின் எண்ணிக்கைதான் பெருகியது.

மலாயாவில் இப்பொறி வீடுகளுக்குள் நுழைந்தது பெரும்பாலும் தவணை முறையில். அம்முறையையும் சிங்கர் நிறுவனமே 1856இல் தொடங்கி வைத்தது. தோட்டத்து லயங்களில் மாதத் தவணை கட்டி வாங்கிய தையல் பொறி, வானொலிப் பெட்டிக்கு நிகரான பெருமை உடையது. பெண்ணுக்குச் சீர் கொடுக்கும்போது அதுவும் வண்டியேறிற்று. பால்மரம் வெட்டிவிட்டு நண்பகலில் திரும்பிய பெண் மாலையில் பொறியின் முன் அமர்ந்தாள். அது ஓய்வு என்றே கருதப்பட்டது. பட்டணத்து மிஷன் பள்ளிகளில் பெண்களுக்குத் தையல் ஒரு பாடம். கோலாலம்பூரில் கடை வைத்துத் தைத்தவர் நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்கள். கூலிக்குத் தைத்தால் அது தொழில், தைப்பவன் தையற்காரர். வீட்டுக்குத் தைத்தால் அது குணம், தைப்பவள் நல்ல மனைவி. தொழிலைத் தொழிலென்று அறிந்தவர்கள் அதற்காகப் போராடவும் செய்தார்கள். 1831இல் பாரிசு நகரத் தையற்காரர்கள் தம் பிழைப்புக்கு அஞ்சித் திமோனியே என்பவர் அமைத்த பொறிகளை அடித்து நொறுக்கினர். வீட்டில் தைத்த பெண் எதையும் நொறுக்கியதாக வரலாறு இல்லை. அவளுக்கு இழக்கக் கூலி ஏது?

தமிழ்த் திரைப்படம் இத்தாயை நன்கு அறியும். கணவனை இழந்தவள், இரவு விளக்கொளியில் பொறியை மிதிக்கிறாள். சக்கரம் சுழலச் சுழலப் பிள்ளை பெரியவனாகிறான். தமிழ்நாட்டு அரசு ஆதரவற்ற பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் பொறி வழங்கி வருவதும் இப்படிமத்துக்கு அண்மையில் உள்ளதே. ஆனால், திரைப்படத் தாயின் தையலுக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. படத்தின் பிற்பாதியில் மகன் தவறினால் அப்பத்திரம் நீட்டப்படும். ‘தைத்துத் தைத்து உன்னை ஆளாக்கினேனே’ என்பதற்குப் பின் மகன் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வாழ்க்கையிலும் இத்தாய் உண்டு. பிள்ளை கேளாமல் தைத்து, பிள்ளை விரும்பாததைத் தைத்து, பின்னர் அதனைக் காட்டியே அவன் படிப்பையும் திருமணத்தையும் தன் கைக்குள் வைத்திருப்பவள். இதனை மறைத்துத் தாயின் தையலைப் பாடுவது நேர்மையாகாது. உழைப்பை அன்பென்று சொல்லி மறைப்பது பெறுபவர் செய்யும் அநீதி. அன்பைக் கடனென்று சொல்லி வசூலிப்பது கொடுப்பவர் செய்வது.

அப்படியானால் கூலி கொடுத்துவிடலாமா? பொருளியலாரும் இக்கேள்வியில் இடறியிருக்கின்றனர். ஒருவர் தம் வீட்டுப் பணிப்பெண்ணை மணந்துகொண்டால் நாட்டின் வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியல் அறிஞர் பிகூ சுட்டிக்காட்டினார். வேலை அதுவே, சம்பளம் நின்றதால் கணக்கில் நின்றும் மறைகிறது. ஐக்கிய நாடுகளின் 1993ஆம் ஆண்டுத் தேசியக் கணக்கு முறை இதில் ஒரு கோடு கிழித்தது. வீட்டார் தமக்கென்று செய்துகொள்ளும் பொருள்கள் உற்பத்தியில் சேரும்; துணி நெய்தலும் ஆடை தைத்தலும் அதில் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளன. சமைத்தலும் துவைத்தலும் பிள்ளை பேணலும் சேரா. ஆக, தீபாவளிப் பாவாடையைத் தைத்த வரையில் அத்தாய் உற்பத்தியாளர். அதனைத் துவைத்து, தேய்த்து, மகளுக்கு உடுத்திவிடும்போது மீண்டும் ‘சும்மா’ இருப்பவள். இவ்விடத்தில் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மலேசியச் சட்டம் அண்மையில் ஓர் அடி எடுத்து வைத்தது. 2022ஆம் ஆண்டின் இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் செயலுக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டுப் பணியின்போது நேரும் விபத்துக்கும் உடல் முடக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு. இது கூலியன்று. வீட்டிற்குள் நடப்பது வேலை என்றும், வேலையென்றால் அதில் உடல் தேயும் என்றும் அரசு ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். விலை பேசாமலே உழைப்பை உழைப்பென்று ஒப்புக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

வீடுகள் இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. வீட்டில் இலவசமாகத் தைப்பவள் என்று பெயரெடுத்தவளிடம் அக்கம்பக்கத்தார் இரவிக்கைத் துணியோடு வருவர். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும். கடைக்காரர் கேட்பதைத் தந்துவிட்டு வருகிற அதே அம்மாள், இங்கே, ‘வீட்டில்தானே தைக்கிறாய், கடை வாடகையா கொடுக்கிறாய்’ என்று பாதியாகக் குறைப்பாள். பிள்ளைக்குக் கூலியின்றித் தைத்த கை, ஊருக்கும் அரைக்கூலிக்குத் தைக்க வேண்டியதாகிறது. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின் கிள்ளான் வட்டாரத்தில் தையலை நம்பிப் பிழைக்கும் பெண்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை. வீட்டுக்குள் சொல்லப்படும் ‘சும்மா’ என்னும் சொல் வாசலைத் தாண்டிப் போய் அவர்களின் கூலியைக் குறைக்கிறது.

தமிழில் நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பனுவலும் அப்படியே. பஞ்சு நூலாவதையும் சொல் நூலாவதையும் பவணந்தியார் நன்னூலில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பருத்தி நூற்ற பெண்டிரைப் புறநானூறு அறியும். வள்ளுவர் தறியில் நெய்தவர் என்பது வழிவழி வந்த செய்தி. இத்தனை உறவு இருந்தும் ஒரு வேறுபாடு. ஏட்டு நூலை இயற்றியவன் தன் பெயரைப் பொறிக்கிறான். ஒரு வரியை மற்றவன் எடுத்தாண்டால் வழக்காடுகிறான். கடைச் சட்டையின் கழுத்துப்பட்டியிலும் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. தாய் தைத்த சட்டையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. உறுத்தும் என்று அவள் அங்கே ஒன்றும் வைத்துத் தைப்பதில்லை.

இனி அந்தக் கம்பளிக் குல்லாய். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறிமாறி வரும் கோலாலம்பூரில் கம்பளி எதற்கு? கேமரன் மலைக்கு இரண்டு நாள் போய்வர ஒன்று போதும். ஆயினும் பின்னுகிறார்கள். அதனை விரும்பாத பிள்ளையோ மருமகளோ அணிவித்தே ஆக வேண்டுமா என்பது சிறு கேள்வி போல் தோன்றும். பல குடும்பங்களில் அதனால் ஒரு மாதம் பேச்சு நின்றதுண்டு. வியர்த்து அழும் குழந்தைக்குக் கம்பளி இடுவது அன்புக்குச் செய்யும் மரியாதையன்று. அதனைப் பிரித்துப் பாராமலே அலமாரியில் தள்ளுவதும் மரியாதையன்று. எடுத்துப் பார்க்கலாம். எத்தனை கண்ணி என்று கேட்கலாம். எந்த இரவில் பின்னியது, நடுவில் நிறம் மாறியிருக்கிறதே, நூல் தீர்ந்ததா, கடை மூடியிருந்ததா என்று கேட்கலாம். பின்னியவள் அப்போது குழந்தையைப் பற்றியும் தன்னைப் பற்றியும் பேசத் தொடங்குவாள். அவள் எதிர்பார்த்தது அணிவதையா, இந்தக் கேள்விகளையா என்பதை அவளே அறிந்திருப்பாளோ, என்னவோ!

2022 மே முதல் நாளிலிருந்து திறந்த வெளியிலும், செப்டம்பர் 7 முதல் பெரும்பாலான உள்ளிடங்களிலும் முகக் கவசம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த ஓராண்டில் தைத்தவை இன்றும் பல வீடுகளின் இழுப்பறைகளில் கிடக்கின்றன. தாத்தாவின் கைலியில் ஒன்று, பாட்டியின் புடைவையில் ஒன்று. சிறியவை இப்போது யார் முகத்துக்கும் பொருந்தா. சீருடைக் காற்சட்டை மட்டும் இரண்டு முறை இறக்கப்பட்டுவிட்டது. பிரித்த இடத்தில் வெயில் படாத துணி பழைய நிறத்திலேயே, ஒரு பட்டையாக, ஊசித் துளைகளோடு தெரிகிறது. அதனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போக இளையவன் வெட்கப்படுகிறான். புதிதாக ஒன்று வாங்கித்தரக் கேட்கிறான். வாங்கித்தரலாம் என்று தாயும் சொல்கிறாள்.